கவுன்ட்டரில் பதிந்த எண்

அத்தியாயம் பதினேழு

"சாயங்காலத்துக்குள்ள அனுப்பியாகணும் குட்டி. இல்லேன்னா நான்தான் தப்பு பண்ணினேன்னு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி."

பெரியவள் நின்றுகொண்டே காபியைக் குடித்தாள். உட்கார்ந்தால் முதல் வகுப்புக்குத் தாமதமாகிவிடும் என்பது அவள் நினைப்பு. வீட்டில் நின்றபடியும் வண்டியில் உட்கார்ந்தபடியுமே அக்கா தன் ஆயுளைக் கழித்துவிட்டாள் என்று சின்னவளுக்குச் சில சமயம் தோன்றும்.

மூன்று வாரமாக வீட்டில் இதே பேச்சுதான்.

அந்தக் காம்ப்ளெக்ஸில் சாமான் வாங்குகிறவர்களுக்கு வண்டி நிறுத்த இலவசம். பில் போடுகிற இடத்தில் தொடுதிரை டேப் ஒன்று வைத்திருப்பார்கள்; அதில் வண்டி நம்பரை அடித்துவிட்டு வர வேண்டும். அடிக்காவிட்டால் நிறுத்துமிடத்தை நடத்துகிற தனியார் கம்பெனி அபராதம் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடும். பெரியவளுக்கும் அனுப்பியது. 'நான் அடித்தேன்' என்று இவள் எழுதினாள். 'தங்கள் வாகன எண் எங்கள் பதிவில் இல்லை' என்று அவர்கள் இரண்டே வரியில் கையை விரித்தார்கள். மேல்முறையீட்டுக்கு இன்றுதான் கடைசி நாள்.

வேறு யாராவது என்றால் போனால் போகிறது என்று கட்டித் தொலைத்திருப்பார்கள். இவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். இந்தப் பக்கத்தில் கார் ஓட்டுகிற பெண்களில் பாதிப் பேர் இவளிடம் திட்டு வாங்கியவர்கள். 'கிளச்சு அக்கா' என்றால்தான் தெரியும். சொந்தப் பெயர் பாங்க் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது. ஒருநாள், ஒரு பொழுது, வண்டி விஷயத்தில் அவள் யாரிடமும் தலைகுனிந்து நின்றதில்லை.

"அண்ணி, நீங்க கவலையே படாதீங்க," என்றான் சின்னவளின் கணவன், சட்டைக்குப் பொத்தான் போட்டபடி. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். காலையிலேயே பேச்சில் ஒரு வியாபாரச் சுறுசுறுப்பு வந்துவிடும். "நான் எழுதியிருக்கிற அப்பீலைப் படிச்சா அந்தக் கம்பெனிக்காரன் தொழிலையே விட்டுட்டு ஓடிடுவான்."

"போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க மாப்ளை."

"அது கம்ப்யூட்டர் போட்ட பதில் அண்ணி. அதுக்கு ரசனை கிடையாது."

பெரியவள் சிரிக்கவில்லை. டம்ளரை வைத்தாள். "நான் அடிச்சேன். நல்லா ஞாபகம் இருக்கு. ஒவ்வொரு எழுத்தா அடிச்சேன். பச்சை டிக் வந்துது. அப்புறந்தான் வந்தேன்."

"யாரு இல்லேன்னா? ஆதாரம்தான் கேக்கறான். இவ போய் அந்தக் கடையில கேட்டுட்டு வரட்டும்."

"போறேன்," என்றாள் சின்னவள்.

பெரியவள் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். செருப்பை மாட்டும்போது திரும்பினாள். "குட்டி, இன்னிக்குச் சாயங்காலம் யாருக்குக் கிளாஸ்?"

"காலேஜ் பொண்ணுக்கு. அப்புறம் தையக்கடைப் பொண்ணுக்கு. இப்பதானே சொன்னேன்?"

"சொன்னியா? என் காதுல அந்தக் கம்பெனிக்காரன்தான் உட்கார்ந்திருக்கான்."

வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. சின்னவள் டம்ளரை எடுத்துக் கழுவினாள். கழுவின டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தாள்.

*

வீட்டுச் சாமான் கடையில் அந்த நேரத்துக்குக் கூட்டமில்லை. பில் போடுகிற பெண் ஒரு டப்பாவில் விலை ஒட்டிக்கொண்டிருந்தாள். சின்னவள் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க கிளச்சு அக்காவோட தங்கச்சிதானே? ஆபீஸ்ல உட்கார்ந்திருப்பீங்களே! எனக்கே அக்காதான் கத்துக் கொடுத்தாங்க. எங்க அம்மாவுக்கும் அவங்கதான்."

"அப்படியா?"

"என்ன திட்டு! 'கிளச்சை மிதிக்கச் சொன்னா ஏன்டி கோலிசோடா உடைக்கற மாதிரி மிதிக்கறே'ன்னுவாங்க. இப்பவும் கிளச்சுல கால் வைக்கறப்ப அந்தக் குரல் கேக்குது."

இருவரும் சிரித்தார்கள். சின்னவளுக்கு மனசு லேசானது. அக்காவின் பெயர் எங்கே போனாலும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைக்கிறது.

"அன்னிக்கு அக்கா வந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. என்னை எங்க அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. 'நல்லாயிருக்கியா, இன்னும் ரிவர்ஸ் எடுக்கறப்ப நாக்கைக் கடிச்சுக்கறியா'ன்னு கேட்டாங்க. நான் அப்படியே எங்க அம்மா சாயல். நானும் அம்மா மாதிரியே நாக்கைக் கடிச்சுக் காட்டிட்டேன். ஒரே சிரிப்பு."

சின்னவளின் சிரிப்பு பாதியில் நின்றது. அது நின்றதை அந்தப் பெண் பார்க்கவில்லை. டேப்பைத் தன் பக்கம் திருப்பி ஏதோ அழுத்திக்கொண்டிருந்தாள்.

"நீங்க கொண்டுவந்த பில்லுல மணி இருக்கே. அந்த நேரத்துல என்ன நம்பர் அடிச்சிருக்குன்னு இதுல பாக்கலாம். சூப்பர்வைசர் சொல்லிக் கொடுத்தாரு. நிறையப் பேர் தப்பா அடிச்சிட்டு வந்து அழறாங்க. ஓ-வுக்குப் பதிலா பூஜ்யம் அடிப்பாங்க. காமிச்சா கம்பெனிக்காரங்க ரத்து பண்ணித்தான் ஆகணும்... இந்தாங்க, இருக்கு பாருங்க! அந்த நேரத்துல ஒண்ணே ஒண்ணுதான் அடிச்சிருக்கு. உங்க நம்பர்தானே?"

சின்னவள் குனிந்து பார்த்தாள்.

இரட்டை மூன்று, எட்டு, ஒன்று.

முதலில் வந்தது சந்தோஷம்தான். அதைப் பிற்பாடு எண்ணி எண்ணி அவளுக்கு வெட்கமாக இருந்தது. தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் பார்த்தால் வருமே, அப்படி ஒரு சந்தோஷம். ஏனென்றால் அது தெரிந்த எண். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளித் தண்ணீரும் பழந்துணியுமாக அவள் துடைத்துத் துடைத்து வைத்த எண். அக்கா முதன்முதலில் வாங்கிய சிவப்பு வண்டி. அதை வைத்துத்தான் டிரைவிங் ஸ்கூலே ஆரம்பித்தாள்.

அந்த வண்டி துருப்பிடித்து, கதவு கழன்று, பழைய இரும்புக்குப் போனபோது சின்னவளுக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை.

"தப்பா அடிச்சிருக்காங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ஒரு... ஒரு எழுத்து மாறியிருக்கு," என்றாள் சின்னவள்.

"நான் சொல்லலை? போட்டோ எடுத்துக்கோங்க. அக்காவை ரொம்பக் கேட்டேன்னு சொல்லுங்க."

போட்டோ எடுத்தாள். முதல் படம் கலங்கிவிட்டது. இரண்டாவது படம் தெளிவாக விழுந்தது.

*

வெளியே வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. கம்பத்தின் உச்சியில் கேமரா. அதன் கீழே பொடி எழுத்தில் நிபந்தனைப் பலகை. அந்தப் பலகையின் நிழலில் நின்று அவள் கணவனைக் கூப்பிட்டாள்.

"கிடைச்சுதா?" என்றான்.

"கிடைச்சுது."

"அப்படிப் போடு! அனுப்பு, உடனே சேர்த்துடறேன்."

"பழைய வண்டி நம்பரை அடிச்சிருக்கா."

"எந்தப் பழைய வண்டி?"

"சிவப்பு வண்டி."

அந்தப் பக்கம் கடையில் யாரோ 'இந்த பிரேம் மூக்குல நிக்கலையே' என்று சொல்வது கேட்டது.

"அதனால என்ன?" என்றான் அவன். குரலைத் தூக்கி நிறுத்தினான். "கை பழக்கத்துல போட்டிருப்பாங்க. நான்கூடப் போன மாசம் ஒருத்தருக்கு எங்க பழைய கடை அட்ரஸ் கொடுத்துட்டேன். நமக்கு இன்னும் நல்லதுதான். நம்பர் அடிச்சாங்க, தவறுதலா பழைய நம்பர் அடிச்சாங்கன்னு எழுதிடலாம். கேஸ் முடிஞ்சுது."

"அந்த வண்டியை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"எங்கே? நான் வர்றதுக்கு முன்னாடியே போயிடுச்சுன்னு சொல்லுவாங்களே."

"அதைத்தான் சொல்றேன்."

 அவன் மெதுவாக, "போன வாரம் அண்ணி என்கிட்ட என் அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டாங்க," என்றான். அவன் அம்மா இறந்து மூன்று வருடமாகிறது. "நான் உங்கிட்ட சொல்லலை. தூக்கக் கலக்கத்துல கேட்டாங்கன்னு விட்டுட்டேன்."

சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

விட்டுவிடுவது. இந்த வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் விட்டுக்கொண்டே வந்திருக்கிறோம். பச்சை விளக்கு எரியும்போது டீச்சர் 'நிறுத்து நிறுத்து' என்றார்கள் என ஒரு மாணவி சிரித்துக்கொண்டே சொன்னபோது, சோதித்துப் பார்த்திருப்பாள் என்று தான் விட்டது. ஒரே நாளில் இரண்டு முறை பெட்ரோல் போடப் போனபோது விட்டது. தன்னை ஒரு நாள் 'ஸ்கூலுக்கு நேரமாகலை?' என்று கேட்டபோது, வேடிக்கையாக்கி, 'இன்னிக்கு லீவு' என்று பதில் சொன்னது. அதற்கு அக்கா சிரித்தாளா? சிரித்தாள் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்த முகத்தை எவ்வளவு முயன்றும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

"இதைக் காட்டி ஜெயிச்சா அக்கா தோத்துடுவா," என்றாள்.

"அப்போ காட்ட வேணாம். கட்டிட்டு சும்மா இருக்கலாம். அண்ணிகிட்ட ஜெயிச்சாச்சுன்னு சொல்லிடலாம்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான்! அதைவிட, அதைக் கேட்டதும் தனக்குள் எவ்வளவு சுலபமாக ஒரு கட்டு அவிழ்ந்தது! அடுத்த மாதம் அக்காவின் பயிற்சியாளர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு டாக்டர் சான்று வேண்டும். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம். அதற்குப் பிறகும்...

அப்போதுதான் அந்தக் காலேஜ் பெண்ணின் முகம் எதிரே வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் முட்டி வெளுத்துப்போகிற பெண். பக்கத்து சீட்டில் அக்கா இருக்கிறாள், அக்காவின் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிறது என்கிற தைரியத்தில் மட்டும் சாலையில் இறங்குகிற பெண்.

"நான் கிளாஸுக்குப் போறேன்," என்று சொல்லி போனை வைத்தாள்.

*

"நீ எதுக்கு இங்க வந்தே?" என்றாள் பெரியவள். மைதானத்தை ஒட்டிய சாலையில் வண்டி நின்றிருந்தது.

"சும்மா. வீட்டுக்கு உங்கூடவே வந்துடலாம்னு."

"ஏறு. வாயைத் திறக்கக்கூடாது. இந்தப் பொண்ணு பல்லி கத்தினாலே பிரேக் அடிப்பா."

சின்னவள் பின்னால் ஏறிக்கொண்டாள். டிரைவிங் டீச்சரின் தங்கைக்கு ஓட்டத் தெரியாது என்பது இந்த ஊரில் பழைய நகைச்சுவை. அக்கா ஒரு வாரம் சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒரு மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டு முன் சீட்டுகளுக்கு நடுவில் எட்டிப் பார்த்தால் அக்காவின் கால் தெரிந்தது. அந்தப் பிரேக்கின் மேல், தொட்டும் தொடாமலும் இருந்தது. சின்னவள் வேறெதையும் பார்க்கவில்லை.

"மூணாவதுக்குப் போ. கண்ணாடியைப் பாரு... உன் மூஞ்சியை இல்லைடி, பின்னாடி வர்றவனைப் பாரு. அழகா இருக்கே, ஒத்துக்கறேன், இப்ப ரோட்டைப் பாரு."

காலேஜ் பெண் சிரித்தாள். அவள் தோள் கொஞ்சம் இறங்கியது.

மரக்கடை திருப்பத்தில் ஒரு லாரி ஹாரன்கூட இல்லாமல் ரிவர்ஸில் வந்தது. அந்தப் பெண் உறைந்துபோனாள். பெரியவளின் கால் இறங்கியது. வண்டி நின்றது. லாரியின் பின்பலகை கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது.

"ஒண்ணுமில்லை," என்றாள் பெரியவள். குரலில் ஒரு பிசிறில்லை. "நியூட்ரல். மூச்சை விடு. அவன் மேல தப்பு. ஆனா அவன் மேல தப்புன்னு சொல்லிக்கிட்டு நீ ஆஸ்பத்திரியில படுத்திருக்க முடியாது. அதனால நாமதான் பாக்கணும். சரி, எடு."

சின்னவளுக்கு அழுகை முட்டியது. அக்கா இருக்கிறாள். முழுசாக, சுத்தமாக, அந்தக் காலிலும் குரலிலும் இருக்கிறாள். கை பழக்கம்தான், வேறொன்றுமில்லை. வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி. தான்தான் ஒரு நிழலைப் பார்த்துப் பயந்துபோய்ப் பேருந்து பிடித்து ஓடி வந்திருக்கிறோம்.

மைதானத்துக்குத் திரும்பி வந்து காலேஜ் பெண் இறங்கிப் போனதும், அந்த நிம்மதியில்தான் அவள் போனை எடுத்து நீட்டினாள்.

"இந்தா. கடையில காமிச்சாங்க. நீ அடிச்சது."

மறைத்துவிடலாம் என்று யோசித்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. அக்கா பார்ப்பாள், தலையில் அடித்துக்கொள்வாள், 'அடக் கழுதை, அந்தக் கிழட்டு வண்டி நம்பரையா அடிச்சேன்' என்பாள், வீடு வரை சிரித்துக்கொண்டே போகலாம்.

பெரியவள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"பாத்தியா! நான் அடிச்சேன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்ல? இதோ நம்ம வண்டி நம்பர். பதிவுல இல்லைன்னு எப்படிச் சொல்றான் திருட்டுப்பய? அனுப்பு குட்டி, இப்பவே அனுப்பு."

வெளியே மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள்.

"அக்கா," என்றாள் சின்னவள். தன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "கொஞ்சம் இறங்கி, முன்னாடி போய், நம்ம வண்டி நம்பரைப் படியேன்."

"என்னடி விளையாட்டு?"

"படிக்கா."

பெரியவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கினாள். சிரித்துக்கொண்டேதான் போனாள். முன்னால் போய்க் குனிந்தாள். முன்கண்ணாடி வழியாகச் சின்னவளுக்கு அக்காவின் உச்சி வகிடு மட்டும் தெரிந்தது. ஒரு நம்பரைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. அவள் நிமிரவே இல்லை.

நிமிர்ந்தபோது வண்டியைப் பார்க்கவில்லை. மைதானத்தைப் பார்த்தாள். பிறகு வந்து பின்கதவைத் திறந்து, தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"அன்னிக்குச் சாமானைத் தூக்கிக்கிட்டு வண்டியைத் தேடினேன்," என்றாள். "சிவப்பு வண்டியை. வரிசை வரிசையாத் தேடினேன். திருடிட்டாங்கன்னே நினைச்சேன். அப்புறம் கையில இருந்த சாவியை அமுக்கினேன். இது கண் சிமிட்டிச்சு. 'இங்கேதான் இருக்கேன்'கிற மாதிரி. அப்பத்தான் எனக்கு... சரி, வெயில்னு நினைச்சுக்கிட்டேன்."

"ஏன்க்கா சொல்லலை?"

"சொன்னா நீ என்னை வண்டி எடுக்க விடுவியா?"

சின்னவள் அக்காவின் கையைப் பிடித்தாள். கை சூடாக, உலர்ந்து, எப்போதும்போல் இருந்தது.

"அனுப்பாதே," என்றாள் பெரியவள். "அபராதத்தைக் கட்டிடு."

"நீயா சொல்றே?"

"கட்டினா, நம்பர் அடிக்க மறந்துட்டா, அவ்வளவுதான்னு போயிடும். யாருக்கும்தான் மறக்குது. இதை அனுப்பினா எந்த வண்டி, எப்ப இருந்துதுன்னு கேப்பான். நான் என்ன பதில் எழுதறது? அடுத்த மாசம் டாக்டர் முன்னாடி உட்காரணும் குட்டி. அதுவரைக்கும் விடு. லாரி வந்தப்ப பிரேக் போட்டேனே, பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"அப்புறம் என்ன?"

மதியம் பலகை நிழலில் நின்று தானே மனசுக்குள் போட்ட வழிதான் இது. அதையே அக்கா கெஞ்சிக் கேட்கும்போது கேட்கச் சகிக்கவில்லை. செய்யாத தப்பை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று மூன்று வாரம் நிமிர்ந்து நின்றவள், இப்போது அந்தத் தப்பு தன்னுடையதாகவே இருக்கட்டும் என்கிறாள். உண்மையைவிட அதுதான் அவளுக்கு மலிவாகத் தெரிகிறது.

"கட்டணும்னா கட்டறேன்," என்றாள் சின்னவள். "ஆனா நான் இன்னிக்கு எதுக்கு வந்தேன்னு உனக்குத் தெரியும். லாரி வந்தப்ப என் உசிரு உன் கால்லதான் இருந்துது. இனிமே தினம் பின்னாடி உட்கார்ந்து நான் அதையே பாத்துக்கிட்டிருக்க முடியுமா?"

பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜன்னலை யாரோ தட்டினார்கள். தையல் கடைப் பெண். எல் போர்டைத் தடவிக் கும்பிட்டுவிட்டு வந்திருப்பாள், அவள் வழக்கம். "என்ன டீச்சர், பின்னாடி உட்கார்ந்துட்டீங்க? இன்னிக்கு என்னைத் தனியாவே ஓட்டச் சொல்லப் போறீங்களா?" என்று சிரித்தபடி டிரைவர் பக்கத்துக் கதவில் கை வைத்தாள்.

பெரியவள் அசையவில்லை. மாணவியைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அந்தக் கண்கள் சின்னவளிடம் எதையும் கேட்டதில்லை.

"இன்னிக்குக் கிளாஸ் இல்லைம்மா," என்றாள் சின்னவள்.

"ஐயோ, ஏன்? வண்டிக்கு என்ன?"

 சின்னவள் ஒரு பொய் கிடைத்தால் போதும் என்று தேடினாள்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு," என்றாள் பெரியவள்.

சொல்லிவிட்டு முன்னால் எட்டி, சாவியை உருவினாள். கொஞ்ச நேரம் கைக்குள் வைத்திருந்தாள். பிறகு தங்கையின் மடியில் வைத்தாள்.

"உனக்குத்தான் ஓட்டத் தெரியாது. உங்கிட்டயே இருக்கட்டும்."

தையல் கடைப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்போ நாளைக்கு டீச்சர்?"

"இவளைக் கேளு," என்றாள் பெரியவள்.